அம்மா பிறந்த ஊரில் தேடுங்கள்: மதுரைப் பக்கத்துக் குடும்ப வரலாறும் பதிவேடுகளும்

மதுரைப் பக்கம் குடும்ப வரலாறு தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது தாத்தாவின் சொந்த ஊரில். பெயரைச் சொல்லி, பிறந்த வருஷத்தை உத்தேசமாகச் சொல்லி, பதிவு இல்லை என்ற பதிலோடு திரும்புகிறார்கள். பல நேரம் பதிவு இருக்கத்தான் செய்கிறது. அந்த ஊரில் இல்லை, அவ்வளவுதான். பிறப்பும் இறப்பும் எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குள்தான் பதிவாகும். குடும்பம் எங்கே குடியிருந்தது என்பது கணக்கில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். ஆகவே வீட்டின் மூத்த பிள்ளை பிறந்தது தகப்பன் ஊர்ப் பதிவேட்டில் இருக்காது, தாய் பிறந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் சோழவந்தான் பெண் வாக்கப்பட்டிருந்தால் முதல் பிள்ளைக்குச் சோழவந்தானிலும் அடுத்த பிள்ளைகளுக்கு இரண்டு ஊரிலும் பார்க்க வேண்டும்.

இறப்பும் அப்படித்தான். ஊரில் படுத்தவரைக் கடைசியில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து அங்கே உயிர் பிரிந்திருந்தால் பதிவு நகராட்சியில் இருக்கும், 1971 மே மாதத்துக்குப் பிறகு என்றால் மாநகராட்சியில். பழைய தாள்களில் ‘எர்ஸ்கின் ஆஸ்பத்திரி’ என்று இருப்பது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனைதான்.

ஆக, ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆண்களின் பதிவுகூடக் கிடைக்காது. கொள்ளுப்பாட்டி எந்த ஊர்ப் பெண் என்று தெரியாத வரைக்கும் தாத்தாவின் பிறப்பு கைக்கு வராது. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதனால் “தாத்தா எப்போது பிறந்தார்” என்பதல்ல. “தாத்தாவுக்குத் தாய்மாமன் யார், எந்த ஊர்?” தேதி மறந்தவர்களுக்கும் தாய்மாமன் ஊர் மறப்பதில்லை.

பிறப்பு இறப்புப் பதிவேடு

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1899இல் ஒரு சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய கிராமப் பதிவேடுகளை எழுதியவர் கிராம முன்சீப். பரம்பரை வழி வந்த முன்சீப், கணக்குப்பிள்ளை பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கை மாறிய அந்த நேரத்தில் எல்லாப் பதிவேடும் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. பழைய கிராமப் பதிவேடுகளைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகம். கிராம நிர்வாக அலுவலரிடம் அண்மைக் காலத்தவைதான் இருக்கும். இது தெரியாமல் கிராம அலுவலகத்தோடு தேடலை முடித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பதிவேட்டில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பழைய பிறப்புப் பதிவுகளில் பல இடங்களில் குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே முன்சீப்பிடம் சொல்லிவிடுவார்கள். ஆண் அல்லது பெண், தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், சாதி, சொன்னவர் யார் என்பதோடு வரி முடிந்துவிடும். சொன்னவர் சில சமயம் தாய்வழித் தாத்தாவாகவோ மாமனாகவோ இருப்பார்; அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காத பதிவு, தாய் தகப்பன் பெயரையும் வருஷத்தையும் வைத்துத் தேடினால் கிடைக்கும். விண்ணப்பத்திலேயே ‘குழந்தையின் பெயர் பதியப்படாமல் இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தேடுதல் கட்டணம் வருஷக் கணக்கில் போடப்படும். இருபது வருஷத்தைத் தேடச் சொன்னால் செலவும் ஆகும், அலுவலகத்தில் யாருக்கும் அவ்வளவு பொறுமையும் இருக்காது. மூன்று நான்கு வருஷமாகச் சுருக்கிக்கொண்டு போவதற்குத்தான் சாதகக் குறிப்பு, பத்திரம், பள்ளிப் பதிவு எல்லாம் வேண்டும். இறப்புப் பதிவின் நகலில் சாவுக்கான காரணத்தைத் தரக் கூடாது என்று 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. நோய் விவரம் விட்டுப்போனதாக நினைத்து அலைய வேண்டாம்.

‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் ஒரு சான்று தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அலுவலகம், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை பார்க்கப்பட்டது என்பது அதில் இருக்கும். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

எந்த ஜில்லா, எந்த தாலுகா, எந்த வருஷம்

எல்லைகள் மாறியதால் தேடல் தடம் புரள்வது மதுரைக்காரர்களுக்கு அதிகம். 1910வரை மதுரை ஜில்லா என்றால் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் பகுதிகளும் சேர்த்தி. திண்டுக்கல் 1985வரையும், தேனி, பெரியகுளம், கம்பம் பகுதிகள் 1996வரையும் மதுரை மாவட்டம்தான். தாலுகாவும் மாறியிருக்கிறது: நூறு வருஷத்துக்கு முந்தைய ஆவணத்தில் உசிலம்பட்டி திருமங்கலம் தாலுகாவில் இருக்கும், சோழவந்தான் நிலக்கோட்டை தாலுகாவில் இருக்கும். இன்றைய தாலுகாவின் பெயரைச் சொல்லி அந்தக் கால ஆவணத்தைக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு ஊருக்கும் இன்றைய பெயர், 1985க்கு முந்தைய மாவட்டம், 1910க்கு முந்தைய நிலை என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வருஷத்தைக் கணக்கிடுவதில்தான் கவனம் நிறைய வேண்டும். பழைய பத்திரம் ஒன்றின் தலைப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘௲௯௱௨௰௧ ௵ சனவரி ௴ ௫ ௳, ரௌத்திரி ௵ மார்கழி ௴, பசலி ௲௩௱௩௰.’ இதில் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. முன்னால் நிற்கும் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 1921. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான வருஷம்; இங்கே 1330. பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம் வரும்: 1920. பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவதால் 1921 ஜனவரி அதற்குள் விழுகிறது. ரௌத்திரி வருஷம் 1920 சித்திரையிலிருந்து 1921 பங்குனிவரை. மூன்றும் ஒத்துவருகின்றன. தேதியை நம்பலாம்.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்கக் கூடாது. பிரபவ 1867, 1927, 1987 ஆகிய மூன்றிலும் வந்தது. ‘தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் ஆள்கள் இந்த ஊருக்கு வந்தார்கள்’ என்று பெரியவர்கள் சொன்னால் அது 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம். 1936லும் தாது வருஷம் வந்தது, ஆனால் பஞ்சத்தோடு சேர்த்துப் பேசப்படுவது முந்தையதுதான். கையெழுத்தில் தமிழ் எண்கள் எழுத்தாகவே தெரியும். ‘எ’ போல இருப்பது 7, ‘அ’ போல இருப்பது 8, ‘உ’ போல இருப்பது 2. ௸ என்ற குறியைப் பார்த்தால் ‘மேற்படி’ என்று படிக்க வேண்டும். மேலே சொன்ன ஆளையோ ஊரையோ குறிக்கும்.

சாதக நோட்டில் பிறந்த வருஷம், மாதம், தேதியோடு கிழமை, நட்சத்திரம், திதி எல்லாம் இருக்கும். இவை ஒன்றையொன்று சரிபார்க்கும். தேதி தப்பாகப் பிரதி செய்யப்பட்டிருந்தால் கிழமை இடிக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இந்த வசதி இல்லை. தலைக்கு மேல் கையைச் சுற்றிப் போட்டுக் காதைத் தொட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, வயது பொருந்துகிற மாதிரி மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். வாழ்நாள் முழுக்க அதுவே அதிகாரபூர்வமான பிறந்த நாளாக இருந்திருக்கும். அந்தப் பதிவேட்டில் தகப்பன் பெயரையும் ஊரையும் நம்பலாம். தேதியை நம்ப வேண்டாம்.

பத்திரங்கள்

கொஞ்சமாவது நிலபுலன் இருந்த குடும்பத்துக்குப் பிறப்புப் பதிவைவிடப் பத்திரம்தான் அதிகம் சொல்லும். கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவரின் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி அத்தனை பேரும், செத்துப்போனவருக்குப் பதிலாக அவர் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு தலைமுறையே ஒரே தாளில் கிடைக்கும்.

1975க்குப் பிந்திய வில்லங்கத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தியதைப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணைப் புத்தகங்களில் கையால்தான் தேட வேண்டும். பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. குடும்ப வரலாற்றுக்குப் பெயர் அட்டவணையைக் கேளுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தை யாரும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில் பதிவாகும் 3ஆம் புத்தகத்திலிருந்து, எழுதியவர் இறந்த பிறகு மற்றவர்களும் நகல் வாங்கலாம். அதிகாரப் பத்திரம் போன்றவை இருக்கும் 4ஆம் புத்தகம் அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்.

பெண்களைப் பத்திரத்தில் பிடிக்க, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தைப் பாருங்கள். பழைய பாகப்பிரிவினையில் மகள்களின் பெயரே இருக்காது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் பிறப்பால் பங்கு கிடைத்தது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. பங்கு உண்டு என்றானபின் அண்ணன் தம்பிமார் சொத்தை விற்க அக்கா தங்கச்சியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து விடுதலைப் பத்திரத்தில் இருக்கும்: இன்னாரின் மனைவி, இன்ன ஊர், வயது இவ்வளவு என்று. குடும்பத்தில் யாரும் நினைவில் வைக்காத அத்தைகளை அங்கே பார்க்கலாம். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த தாளில்தான் அவர்கள் பெயர் நிலைத்திருக்கிறது என்பது வேதனைதான்.

பெயர்ச் சிக்கல் ஒன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால், ‘பெரியகருப்பன் மகன் மாயாண்டி’ என்று ஒரு பத்திரத்தில் வருபவரும், நாற்பது வருஷம் கழித்து அதே பெயரில் வருபவரும் ஒரே ஆளாக இருக்கலாம், பாட்டனும் பேரனுமாகவும் இருக்கலாம். எழுதப்பட்ட வயதைப் பாருங்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டு மற்றவர் கைநாட்டு வைத்திருக்கிறாரா பாருங்கள். பிறகு செக்குபந்தியைப் பாருங்கள்: வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே யாருடைய நிலம் என்று எழுதியிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் பல நேரம் பங்காளியாகவே இருப்பார். அவர் பெயர் தகப்பனிலிருந்து மகனுக்கு மாறியிருந்தால் தலைமுறை மாறிவிட்டது என்று ஒரு குறிப்பு கிடைக்கும்.

சொத்து வழக்கு நடந்திருந்தால் வழக்குத் தொடுத்தவரின் பிராதில் கொடிவழிப் பட்டியல் (வம்சாவளி) இணைத்திருப்பார்கள். கிடைத்தால் பெரிய வரவுதான். ஆனால் அது ஒரு கட்சிக்காரர் தன் பங்குக்காக எழுதியது; இரண்டாந்தாரத்துப் பிள்ளைகள் விட்டுப்போயிருக்கலாம். எதிர்வாதியின் பதிலுரையையும் சேர்த்து வாங்கிப் படியுங்கள்.

பட்டாவைப் பொறுத்தவரை, 1979இலிருந்து 1987வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்ணும் பெயரும் பல இடங்களில் மாறின. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு ஒப்பிடாமல் முடிவுக்கு வரக் கூடாது.

வீட்டிலும் கோயிலிலும் இருப்பவை

அரசாங்கப் பதிவேட்டில் இல்லாததை மொய் நோட்டு சொல்லும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் முதல் பக்கத்தில் தாய்மாமன் செய்முறை வரும். அடுத்து மற்ற மாமன் மச்சான் வகை. ஒவ்வொரு வரியிலும் ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை. தகப்பன் பெயர் போடாமல் எழுதினால் திருப்பிச் செய்யும்போது ஆள் தெரியாது என்பதால் இந்த விவரம் தவறாமல் இருக்கும். ஒரே வீட்டின் இரண்டு மொய் நோட்டுகளை, பத்து இருபது வருஷ இடைவெளியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் தகப்பன் பெயரில் வந்த மொய் இரண்டாவதில் மகன் பெயரில் வந்திருந்தால், இடையில் தகப்பன் இறந்திருக்கலாம் அல்லது மகன் தனிக்குடும்பம் ஆகியிருக்கலாம். இறப்பைத் தேட வேண்டிய வருஷங்கள் அங்கேயே சுருங்கிவிடுகின்றன. இப்போது கணினி மொய் வந்துவிட்டது. அதில் தரும் சின்னச் சீட்டின் எழுத்து சில வருஷத்தில் மங்கிவிடும். உடனே படம் எடுத்து வையுங்கள்.

கருமாதிப் பத்திரிகையையும் யாரும் தூக்கிப் போடக் கூடாது. இறந்த தேதி, மகன் மருமகள், மகள் மருமகன், பேரன் பேத்தி, பங்காளிகள் என்று அத்தனை பெயரும் அச்சில் இருக்கும்.

குலதெய்வக் கோயிலில் மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடும்போது தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. வரி நோட்டில் ஒரு பெயர் புதிதாக ஏறிய வருஷம் அவர் கல்யாணமான வருஷத்தை ஒட்டியிருக்கும். வெளியூர் போய்விட்ட கிளைகளும் அதில் இருக்கும். நோட்டு பூசாரியிடமோ வரி வசூலிக்கும் பெரியவரிடமோ இருக்கும். திருவிழா அன்று கேட்டால் எடுத்துப் பார்க்க நேரம் இருக்காது, பத்து நாள் முன்னால் போங்கள். செட்டிநாட்டு நகரத்தார் இந்த வகையில் மிகவும் முன்னே இருக்கிறார்கள். ஒன்பது நகரக் கோயில்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சேர்ந்தது; கல்யாணமானவர்களைப் புள்ளியாகக் கணக்கில் சேர்ப்பார்கள். கல்யாணத்தின்போது எழுதும் ஒப்பந்தத் தாளான இசைபிடிமானமும் வீட்டில் இருக்கும்.

கோவில் பதிவேடும் கல்லறையும்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகள் உண்டு. பழையவை லத்தீனில் இருக்கும். வீட்டில் ராயப்பன் என்றவர் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இந்தப் பட்டியல் இல்லாமல் பக்கம் புரட்டினால் சொந்தத் தாத்தாவையே தாண்டிப் போய்விடுவீர்கள். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தை விடாமல் படியுங்கள்: 1908க்குப் பிறகு, ஒருவர் எங்கே, யாரைக் கல்யாணம் செய்தார் என்பதை அவருடைய ஞானஸ்நான வரியின் பக்கத்தில் குறிக்க வேண்டும் என்று விதி வந்தது. வேற்றூர்க் கல்யாணம் அப்படித்தான் பிடிபடும். இன்றைய பங்கு முன்பு வேறொரு பங்கின் கிளையாக இருந்திருந்தால், அந்தக் காலத்துப் பதிவு தாய்ப்பங்கில் இருக்கும். பதிவேட்டில் பிறர் அந்தரங்கமும் இருப்பதால் பங்குத்தந்தை தாமே பார்த்துச் சொல்வது உண்டு. தேதியையும் பெற்றோர் பெயரையும் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம்.

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் வழிச் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன. அங்கே பதிவேடுகள் அநேகமாகத் தமிழில் இருக்கும். மதம் மாறிய தலைமுறைக்குப் பழைய பெயரும் ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் அந்த ஒரு வரிதான் அதற்கு முந்தைய வழிக்குப் பாலம்.

இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் புத்தகம். மணமகன், மணமகள், இருவர் தகப்பன், பெண்ணின் வலி (பெண் சார்பில் நிற்கும் பொறுப்பாளர்), சாட்சிகள் இருவர், மணமகன் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகை எல்லாம் அதில் உண்டு. மையவாடியில் (அடக்கத் தலத்தில்) கல் வைக்காத கபர்கள் (குழிகள்) அதிகம் என்பதால் எழுத்தாவணம்தான் துணை.

கல்லறையில் கல் இருந்தாலும் முழுக்க நம்பாதீர்கள். இடநெருக்கடியால் ஒரே குழியில் குடும்பத்தினர் பலரை அடக்கம் செய்து, கடைசியாகப் போனவர் பெயரை மட்டும் பொறித்திருப்பார்கள். தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்க வேண்டாம், கல் கெடும். காலை ஏழு மணி வெயிலோ, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த செல்போன் வெளிச்சமோ போதும். எரித்தவர்களுக்கு, மதுரை நகரில் என்றால் தத்தநேரி, மூலக்கரை மயானங்களின் ரசீதை வீட்டில் தேடுங்கள். அதில் இருக்கும் தேதி மாநகராட்சியின் இறப்புப் பதிவைக் கண்டுபிடிக்க உதவும்.

கசப்பான ஆவணங்களும் கடல் கடந்தவையும்

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிரமலைக் கள்ளர் ஆண்களின் பெயரும் கைரேகையும் ஊர் ஊராகப் பதியப்பட்டன. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்களில் 16 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ரத்தானது. அடக்குமுறைக்காக எழுதப்பட்ட அந்தப் பெயர்ப் பட்டியல்கள் எங்கே மிச்சமிருந்தாலும் அந்தக் குடும்பங்களுக்குச் சேர வேண்டியவை. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் இன்னும் எளிதாக அணுகக்கூடியவை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் குடும்பத்தின் விவரம் வெளியாருக்குக் கிடைக்காது. 1948 சட்டப்படி அது ரகசியம். வாக்காளர் பட்டியலில் கிடைக்கும். வீட்டு எண், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் இருப்பதால் அண்மைத் தலைமுறைக்கு அது போதும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கின்றன. பிஜிக்குத் தென்னிந்தியர்கள் 1903இலிருந்து போனார்கள்; அவர்களுக்கும் இப்படிக் குடியேற்றச் சீட்டு உண்டு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) வழியாகப் போனவர்களுக்கு இத்தனை விவரமான பட்டியல் கிடையாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் குடும்ப அட்டையிலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும். வெளிநாட்டுப் பட்டியலில் ‘மதுரா ஜில்லா’ என்று பார்த்ததும் மதுரைக்கு விமானம் ஏறிவிடாதீர்கள். போன வருஷம் 1910க்கு முந்தியதா என்று பாருங்கள். கிராமம் இன்றைய சிவகங்கையிலோ ராமநாதபுரத்திலோ இருக்கலாம். கிராமப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அந்தத் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ‘பட்டி’, ‘குளம்’, ‘ஏந்தல்’ என்ற முடிவு தெளிவாக இருந்தால் முன்பாதியை ஊகித்துவிடலாம்.

எந்தப் பதிவேட்டைப் பார்த்தாலும் அனுமதி கேட்டு, வேண்டிய வரியை மட்டும் படம் எடுக்காமல் முழுப் பக்கத்தையும், பக்க எண்ணையும், அட்டையில் எழுதியிருக்கும் ஊர், வருஷத்தையும் சேர்த்து எடுங்கள். அலுவலகத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் அன்றைக்கே எழுதுங்கள். கிடைத்த பெயர்களைப் போலவே, பார்த்தும் கிடைக்காத ஊர்களையும் வருஷங்களையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்துத் தேடப் போகும் சித்தப்பா மகனோ அத்தை மகளோ அதே அட்டவணையை மறுபடியும் புரட்ட வேண்டியதில்லை.